தங்கை மகன் இருக்கச் சித்தப்பா மகனுக்கு முடி ஏன்?

கேள்வி: முதுகலை வரலாற்றுத் தேர்வுக்காகப் பிரான்சின் கப்பேசிய அரச மரபின் வம்சாவளிப் படத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். 1328-இல் வாரிசின்றி இறந்த நான்காம் சார்லசுக்குத் தங்கை மகனாக இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் இருந்தும், முடி வலுவா பிலிப்புக்குச் சென்றது ஏன்? பாடநூல் ‘சாலிக் சட்டம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

பதில்: அந்தச் சொல்லை 1328-க்கு நேரே எழுதாதீர்கள். பழைய பிராங்கியர் சட்டத்தில், பெண்ணுக்கு நிலவுரிமை இல்லை என்று வரும் அந்த விதியை அரசுரிமைக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டியது, முடிவு எடுத்துப் பல ஆண்டுகள் கழித்துத்தான். உண்மையான முடிச்சு 1316-இல் விழுந்தது.

987-இல் ஊக் கப்பே முடிசூடியது முதல் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒவ்வோர் அரசருக்குப் பின்னும் ஆள ஒரு மகன் இருந்ததால், மகளுக்கு உரிமை உண்டா என்று கேட்கும் தேவையே எழவில்லை. 1316 ஜூனில் சார்லசின் மூத்த அண்ணன் பத்தாம் லூயி இறந்தபோது இருந்தது நான்கு வயது மகள் ஜான் மட்டுமே. இரண்டாம் மனைவி கர்ப்பமாக இருந்தார். நவம்பரில் பிறந்த ஆண் குழந்தை ஐந்தே நாளில் இறந்தது. ஜானின் தாய் கள்ள உறவுக் குற்றச்சாட்டில் சிறைப்பட்டு இறந்தவர் என்பதால், சிறுமியின் பிறப்பையே ஐயுறுவது எதிரிகளுக்கு எளிதாயிற்று.

இங்கே நம் உறவுச் சொற்கள் கைகொடுக்கும். ஆங்கில நூல்கள் இருவரையும் ‘அங்கிள்’ என்றே குறிக்கும். ஆனால் ஜானின் முடியை எடுத்துக்கொண்டவர் சித்தப்பா ஐந்தாம் பிலிப், அவளுக்காக வழக்காடியவர் தாய்மாமன் பர்கண்டிக் கோமகன் ஓடோ. 1317 ஜனவரியில் ரான்ஸ் நகரில் முடிசூடிக்கொண்ட சித்தப்பா, அடுத்த மாதமே பாரிசில் ஓர் அவையைக் கூட்டி, பெண் பிரான்சின் அரியணைக்கு வர முடியாது என்று சொல்ல வைத்தார். 1318-இல் தம் மகளை ஓடோவுக்கே மணமுடித்துக் கொடுத்தார். தாய்மாமனின் எதிர்ப்பு அத்தோடு அடங்கிற்று. தாம் போட்ட விதி தம் மகள்களையே விலக்கும் என்று அவர் அப்போது நினைத்திருக்க மாட்டார். 1322-இல் அவர் இறந்தபோது அரியணை தம்பி நான்காம் சார்லசுக்குப் போனது.

1328 பிப்ரவரியில் சார்லஸ் இறந்தபோதும் அரசி கர்ப்பமாக இருந்தார். ஏப்ரலில் பிறந்தது பெண். எனவே, அதுவரை ஆட்சிப் பொறுப்பைக் கவனித்த, சார்லசின் சித்தப்பா மகன் வலுவா பிலிப், மே மாதம் ஆறாம் பிலிப்பாக முடிசூடினார். பெண் ஆளாவிட்டாலும் தன் மகனுக்கு உரிமையைக் கடத்தலாம் என்பது எட்வர்ட் தரப்பின் வாதம். தாயிடம் இல்லாததை மகன் எப்படிப் பெறுவான் என்பது பிரெஞ்சுப் பிரபுக்களின் பதில். இங்கிலாந்து அரசரைத் தங்கள் அரசராக ஏற்க அவர்களுக்கு மனமில்லை என்பதே என் பார்வையில் இதைவிடக் கனமான காரணம். எட்வர்டின் வாதத்தில் ஓர் ஓட்டையும் உண்டு: தாய்வழி உரிமை செல்லுமென்றால், 1332-இல் ஜானுக்குப் பிறந்த நவார் சார்லஸ், மூத்தவர் கிளையில் வந்தவர் என்ற முறையில் எட்வர்டையே முந்திவிடுவார்.

ஆகவே, வலுவா கிளை எங்கே பிரிகிறது என்பது தெரிய, படத்தை இந்த மூன்று அண்ணன் தம்பிகளின் தந்தை நான்காம் பிலிப்பிலிருந்து அல்ல, அவருடைய தந்தை மூன்றாம் பிலிப்பிலிருந்து தொடங்குங்கள். ஜானையும் அவள் மகனையும் விட்டுவிடாதீர்கள். ஓடோவின் 1318 திருமணத்தைப் புள்ளிக்கோட்டால் இணையுங்கள். சாலிக் சட்டத்தை ஓரக்குறிப்பாக, படத்துக்கு வெளியே எழுதுங்கள்.