முள்

அன்புள்ள அண்ணா,

என் தம்பிக்கு 27 வயது. இரண்டு வருடமாக மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். பகல் பன்னிரண்டு மணி வரை தூங்குகிறான், குளிப்பதில்லை. அம்மா நாள் முழுக்கத் திட்டுகிறார். அதனால்தான் போன மாதம் மறுபடியும் குரல் கேட்க ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் ஓர் உறவினர். அம்மாவை எப்படித் திருத்துவது?

ச.

அன்புள்ள ச.,

அந்த உறவினரிடம் அவர் பெண்ணைக் கொடுப்பாரா என்று கேளுங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

மேலே இருப்பது சுருக்கம்தான். நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தையும் பென்சிலும் கையுமாக, தம்பியைக் குறை சொல்லும் இடங்களை எண்ணிக்கொண்டே படித்தேன். இப்படி எண்ணுவது லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் செய்த வேலை. மனநல மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களைவிட, வாடகை அறைக்கோ உடன்பிறந்தார் வீட்டுக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று அவர் குழு 1958இல் எழுதியது. ஏன் என்று தேடியபோது, வீட்டாரைத் தனியாக உட்காரவைத்துப் பேசவிட்டு, ஒலிநாடாவில் பதிந்து, குறை சொல்லும் பேச்சுகளை எண்ணினார்கள். சொல்லைவிடக் குரலே கணக்கு. ‘அவன் லேட்டாகத்தான் எழுந்திருப்பான்’ என்று சாதாரணமாகச் சொன்னால் கணக்கில் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் ஒன்று. 1972இல் வந்த முடிவு: 101 பேரில், குறைப்பேச்சு மிகுந்த ‘சூடான’ வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் 16. பின்னால் வந்தவர்கள் ஆறு குறை வந்தாலே சூடான வீடு என்று கோடு போட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் பதினொன்று. அம்மா சொன்னவை அல்ல, எல்லாம் நீங்கள் சொன்னவை. தம்பிக்கு என்ன பிடிக்கும் என்று நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

குரல் கேட்பதற்காக நீங்கள் அவனைக் குறை சொல்லவில்லை. அதை நோய் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். குளிக்காததைத்தான் திமிர் என்கிறீர்கள். அதுவும் நோய்தான் ஐயா. எழுந்து ஒரு வாளி தண்ணீர் பிடிக்கும் உந்துதலையே தின்றுவிடும் நோய். தூக்கத்தில் பாதி மாத்திரையுடையது.

அம்மாவால் நோய் வந்தது என்று மட்டும் எங்கும் சொல்லிவிடாதீர்கள், அது பொய். அடங்கிக் கிடப்பதை வீட்டுச் சூடு கிளப்பிவிடும், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், இரண்டு பேருக்கும் நல்லது.

திட்டாத வீடும் சூடாகலாம். அதே ஆய்வாளர்கள் அளவு மீறிய கவலையையும் கணக்கில் சேர்த்தார்கள். என் பாட்டி சின்ன மாமாவை ஒரு நாளும் திட்டியதில்லை. குளியலறை வாசலிலேயே நிற்பார், தண்ணீர்ச் சத்தம் நின்றால் உடனே “ஏம்பா, இருக்கிறாயா?” என்பார். மாத்திரை விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வார். முப்பத்து நான்கு வயது ஆளுக்கு மீனில் முள் எடுத்துப் பிசைந்து வைப்பார். இரண்டு வருடத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரி.

அதன்பின் தேனியில் பெரியம்மா அவரை அழைத்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு சைக்கிள் கடை. அவர் பேசுவதே குறைவு. “டியூப்பைப் பிடி” என்பார், மாமா பிடிப்பார். பெரியம்மா தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையையும் தம்ளரையும் வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். ஐந்து வருடம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை மாமா. மாத்திரையை விடவும் இல்லை.

போன முதல் நாள் அங்கே மீன் குழம்பு. லீவுக்குப் போயிருந்த நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். முள்ளோடு தட்டில் விழுந்த துண்டை மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். விரலில் குழம்பு காய்ந்துவிட்டது. சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.