கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்

33 வருஷம் கிராம சுகாதார செவிலியராகவும் பகுதி சுகாதார செவிலியராகவும் இருந்து ஓய்வுபெற்றவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கவிதா: அக்கா, அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய மாற்றம் எது?

பிரசவம்தான். அன்று வீட்டிலேயே, அரிக்கேன் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதம் மருத்துவமனைப் பிரசவம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ் பார்க்கிறார். எங்கள் கையைவிட்டுப் பிரசவம் போன இடத்தில் பிரஷரும் சர்க்கரையும் வந்து உட்கார்ந்தன. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியபின் தன்னார்வலர்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

பிரபு: ஆர்.சி.எச். எண் எங்கே வாங்குவது?

கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண் அது. உங்கள் பகுதி சிஸ்டரிடம் வாங்குங்கள். கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி என்ற அரசு இணையதளத்தில் நீங்களே முன்பதிவும் செய்யலாம். தனியாரில் பார்த்தாலும் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். 12 வாரத்துக்குள் பதியுங்கள்.

செல்வம்: பதிவெல்லாம் செயலியில் ஏறிவிட்டதே, வேலை பாதியாகியிருக்குமே?

தம்பி, பதிவேடும் எழுதி, செயலியிலும் ஏற்றினால் பாதியா இரட்டிப்பா? அதுகூடப் பரவாயில்லை. ஒரு வீட்டில் கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததாகப் பதிவு ஒழுங்காக இருந்தது. கேட்டால் “சாப்பிடுறேன்க்கா” என்றாள். கண்ணிமையை இறக்கிப் பார்த்தேன், வெளுத்திருந்தது. அந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும்; கறுப்பாகப் போகிறதா என்றேன். இல்லை என்றாள். மாமியார் அந்தப் பக்கம் போனதும் அரிசிப் பானையைக் காட்டினாள். மாத்திரை அட்டை அத்தனையும் பிரிக்காமல் உள்ளே. சாப்பிட்டால் குழந்தை கறுத்துப் பிறக்குமாம். இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

ரமேஷ்: மனைவிக்கு ஐந்தாம் மாதம். ஆர்.சி.எச். எண்ணுக்கு என்ன செய்ய?

பிரபுவுக்குச் சொன்னதைப் படியுங்கள். 12 வாரம் என்றேன், நீங்கள் ஐந்தாம் மாதத்தில் வருகிறீர்கள். நாளைக்கே போங்கள்.

ஷாலினி: குழந்தைக்குப் பென்டா தடுப்பூசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது, காய்ச்சலும்.

பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கும். எண்ணெய், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். பாராசிட்டமால் சிஸ்டர் சொன்ன அளவு மட்டும். குழந்தை பால் குடிக்காமல் துவண்டால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

செல்வம்: அக்கா, பதிவேட்டிலும் பொய் எழுதலாமே. செயலி வந்ததால்தானே வேறு ஊருக்குப் பிரசவத்துக்குப் போனவளையும் கண்டுபிடிக்க முடிகிறது?

அதை ஒத்துக்கொள்கிறேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளைத் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

பணியில் உள்ள சிஸ்டர்: மலைக்கிராமம் அக்கா. சிக்னல் கிடையாது. நோட்டில் எழுதிவந்து ராத்திரி உட்கார்ந்து ஏற்றுகிறேன்.

பார்த்தீர்களா செல்வம்? நீ அந்த நோட்டை விடாதே அம்மா.

செல்வம்: சரி, ‘மலம் கறுப்பா’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால்?

சேர்க்கலாம். அப்புறம் அதையும் கேட்காமலே டிக் அடிப்பார்கள்.

இடமாறுதல் பற்றிக் கேட்ட மூவருக்கும்: சங்கத்தில் கேளுங்கள்.

தினேஷ்: ஆர்.சி.எச். எண்...

மேலே, தம்பி. மேலே.