வராதவர்களின் பட்டியல்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருச்சியில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் முடித்தவள். மனநலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படித்தேன். தென்மாவட்டம் ஒன்றில் சமூக மனநலத் திட்டம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கிளினிக்கல் கோஆர்டினேட்டர் பணிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சேர்வதற்கு முன் ஒரு நாள் களத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகாம் நடந்தது. அந்தப் பணியில் இப்போது இருப்பவர் காலை முதல் மாலை வரை செய்ததாக நான் கண்டது பதிவேட்டைப் புரட்டியதும் கைப்பேசியில் பேசியதும்தான். மருந்து எழுத மனநல மருத்துவர் இருக்கிறார். கவுன்சலிங் தர உளவியலாளர் இருக்கிறார். வீடுகளுக்குப் போக உள்ளூர்ப் பணியாளர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு நடுவே இருப்பவர் செய்வது சிகிச்சையா, எழுத்தர் வேலையா?

நீங்கள் எழுத வருவதற்கு முன் இதே பணியில் சில ஆண்டுகள் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். என் அம்மாவுக்கு வேறு அச்சம் இருக்கிறது. மனநோயாளிகளின் வீடுகளுக்குள் போகும் வேலை பெண்ணுக்கு எதற்கு என்கிறார். சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நான் சேரலாமா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் பார்த்த அந்த ஒரு நாளிலிருந்தே தொடங்குகிறேன். முகாமில் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் அன்று வராதவர்களைத் தேடிக்கொண்டிருந்திருப்பார். மருத்துவருக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கவனிக்க அங்கே பலர் உண்டு. போன மாதம் ஊசி போட்டுக்கொண்டு போய் இந்த மாதம் வராமற்போனவரை நினைத்துப் பார்க்க அந்த ஓர் ஆள்தான் இருக்கிறார். இந்தப் பணியின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள ஒருவர் மருந்துக்கு வராமல் இருப்பதற்கும் சர்க்கரை நோயாளி ஒருவர் வராமல் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. தனக்கு நோயே இல்லை என்று நம்புவது மனச்சிதைவின் இயல்புகளில் ஒன்று. மேலும், மாத்திரையை நிறுத்திய உடனே எதுவும் ஆகிவிடுவதில்லை. சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட நன்றாகவே கழியும்; மருந்தினால் வந்த கைநடுக்கமும் பகல்தூக்கமும் விலகிவிடுவதால் ஆள் முன்பைவிடத் தெளிந்துவிட்டதாகவே வீட்டாருக்குத் தோன்றும். பிறகு தூக்கம் குறையும், சாப்பாட்டில் சந்தேகம் வரும், குளியல் நிற்கும், பக்கத்து வீட்டாரின் பேச்செல்லாம் தன்னைப் பற்றியதாகவே கேட்கும். குடும்பம் பதறிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவரும்போது ஆட்டோவில் கைகால்களைக் கட்டிக்கொண்டு வரும் நிலை ஏற்பட்டிருக்கும். நிறுத்தியதற்கும் ஓடிவருவதற்கும் இடையிலான அந்த வாரங்களில் ஒருவர் வாசலில் போய் நின்று விசாரித்தால் பெரும்பாலான கதைகள் வேறு மாதிரி முடியும். அந்த ஒருவர் போக வேண்டும் என்று முடிவெடுப்பதும், எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று வரிசைப்படுத்துவதும், போய்வந்தவர் சொன்னதை மருத்துவரின் காதில் சேர்ப்பதும்தான் நீங்கள் எழுத்தர் வேலை என்று ஐயுற்ற வேலை.

எங்கள் பகுதியில் ஓர் இளைஞர் இரண்டு மாதமாக மோசமாகிக்கொண்டே வந்தார். மருந்து தவறாமல் வாங்கிப் போவதாகப் பதிவேடு சொன்னது. உள்ளூர்ப் பணியாளருடன் வீட்டுக்குப் போனபோது அடுப்படிப் பலகையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அதில் பாதிக்கு மேல் மாத்திரைகள், பிரிக்காத அட்டைகளாகவே. நாங்கள் அதட்டவில்லை. ஏன் என்று கேட்டோம். அவருடைய அம்மா விடியும் முன்பே நடவு வேலைக்குப் போகிறவர். அவர் திரும்பிவந்து உலை வைக்கும்வரை அந்த வீட்டில் சாப்பாடு இல்லை. வெறும் வயிற்றில் காலை மாத்திரையைப் போட்டால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று முதலில் காலை வேளையை விட்டிருக்கிறார். பிறகு இரவும் விட்டுப்போனது. மருந்துச் சீட்டில் ‘உணவுக்குப் பின்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த உணவு அந்த வீட்டில் இல்லை என்பது மூன்று நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்தாக வேண்டிய மருத்துவருக்கு எப்படித் தெரியும்? அன்று மாலையே மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் மருந்து முழுவதையும் இரவு வேளைக்கு மாற்றினார். அளவை மாற்றும் உரிமை எனக்கு இல்லை, உங்களுக்கும் இராது. ஆனால் மாற்ற வேண்டிய காரணம் நம் வழியாகத்தான் அவரை அடைகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுவே என் விடை: இது சிகிச்சைதான்.

நீங்கள் திருச்சியில் படித்தவர் என்பதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கே பயிற்சி கொடுத்து மனநல சிகிச்சையைப் பரவலாக்கிப் பார்த்தது. அந்த அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. மருந்தும் மருத்துவரும் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் மட்டும் இருந்த நிலை அதன்பின் படிப்படியாக மாறியது. அது சாதாரண மாற்றம் அன்று. ஆனால் மருந்து ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நோயாளியும் வந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வேறுபட்டாலும் பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர்வரை சிகிச்சைக்கு வெளியே இருப்பதைக் காட்டியது.

இந்த இடைவெளியில் மனிதர்களை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. காஞ்சிபுரம் பகுதி, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையும், மற்றவர்களுக்கு அதோடு சேர்த்து, மருத்துவப் பட்டம் இல்லாத சமூகப் பணியாளர்களின் வீட்டுவழிக் கவனிப்பும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. இரண்டாம் பிரிவினருக்கு நோயின் தீவிரமும் அதனால் வரும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்தன. மருந்தைத் தொடர்வது மேம்பட்டது. மூன்று இடங்களில் பலன் அதிகம் தெரிந்தது நம் காஞ்சிபுரம் பகுதியில். பலன் மிதமானதுதான். ஊராரின் புறக்கணிப்பும் வீட்டாரின் சுமையும் குறிப்பிடும்படி குறையவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்தப் பணிக்கு அதிசயங்களை எதிர்பார்த்து வருகிற நல்ல பிள்ளைகள் ஓராண்டில் மனமுடைந்து போய்விடுவதைக் கண்டிருக்கிறேன்.

மருத்துவர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010 முதல் ஒரு பேருந்தை இயக்கிவந்தது. பேருந்துக்குள்ளேயே ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் தோன்றிப் பேசுவார், எழுதிய மருந்து அங்கேயே கிடைக்கும். தொழில்நுட்பம் நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் பேருந்து வரும் நாளில் ‘உங்கள் தம்பியை அழைத்து வாருங்கள்’ என்று வீட்டுப் படியேறிச் சொல்ல உள்ளூர்ப் பணியாளர் தேவைப்பட்டார். திரை வந்தாலும், 2022 அக்டோபரில் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் வந்தாலும், அந்தப் படியேறும் வேலை குறையவில்லை. தானே எண்ணைச் சுழற்றிப் பேசக்கூடியவருக்கு உதவி எண் பெரிய துணை. எண்ணைச் சுழற்றவே மாட்டாதவரை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

வாகனத்தைப் பற்றிச் சொல்கையில் ஒன்று. திட்டத்தின் பெயரைப் பெரிதாக எழுதிய ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். அந்த வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கலாம். ரேஷன் கடை அருகிலோ பஞ்சாயத்து அலுவலகம் அருகிலோ நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நோய் விவரத்தை ரகசியமாகக் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தந்திருக்கும் உரிமை. கிராமத்தில் அந்த உரிமை பாதி நேரம் ஜீப் நிற்கும் இடத்தால்தான் மீறப்படுகிறது.

சங்கிலியையும் நீங்கள் பார்க்க நேரிடும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள். உயிரிழந்தவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இன்று எந்த வகையிலும் சங்கிலியிடுவதை 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்தக் காப்பகங்களை நடத்தியவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அவர்களில் பலர் அன்பில்லாதவர்கள் அல்லர். நகையை அடகு வைத்து மந்திரித்து, பூசாரியிடம் போய், மருத்துவமனைக்கும் ஒருமுறை போய், வழிதெரியாமல் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். எனவே ஒரு வீட்டின் பின்கட்டில் சங்கிலியைக் கண்டால் சட்டத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும், ஆனால் வாயைத் திறந்தவுடன் சட்டத்தைச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. இரவில் அவர் எழுந்து போய்விட்டால் யார் தேடுவது என்ற கேள்விக்கு அந்தத் தாயிடம் சங்கிலியைத் தவிர வேறு விடை இருந்ததில்லை. அந்த விடையை நீங்கள் கொண்டுபோக வேண்டும். மருத்துவரை அன்றோ மறுநாளோ வரவழைப்பது, தேவையானால் சட்டப்படி சேர்க்கைக்கு ஏற்பாடு செய்வது, முதல் சில இரவுகளுக்கு உறவினரில் யார் உடன் படுப்பது என்று பேசி முடிப்பது எல்லாம் சங்கிலி கழலும் அதே நாளில் நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வந்துவிட்ட பிறகு மறுபடியும் பூட்டுவார்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை குறித்தும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்ளும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு முடக்கம் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். மனநோய்க்கு அதை அளக்க, தன்னைப் பேணிக்கொள்வது, உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தளங்களில் மதிப்பெண் இடுகிறார்கள்; நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். பரிசோதனை நாளில் அம்மா மகனைக் குளிப்பாட்டி, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு அழைத்து வருவார். ‘வீட்டு வேலையெல்லாம் செய்வானா?’ என்று கேட்டால், மகனைப் பிறர் முன்னால் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், ‘எல்லாம் நல்லாச் செய்வான் சார்’ என்பார். மதிப்பெண் குறைந்துவிடும், உதவித்தொகை போய்விடும். ஆறு மாதமாக வீட்டுக்குப் போய்வந்த குறிப்புகள் உங்கள் கையில் தேதியுடன் இருந்தால், குளிப்பாட்டுவதே அம்மாதான் என்ற உண்மை மருத்துவர் முன் வரும். அந்தத் தாயின் மானத்தையும் காப்பாற்றி இதைச் செய்வதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். முன்கூட்டியே அவரைத் தனியே உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். அட்டை கிடைத்து, 100 நாள் வேலையில் தண்ணீர் கொடுக்கும் வேலையும் கிடைத்து, வாரக்கூலியை முதல்முறையாகத் தானே எண்ணி வாங்கிய ஒருவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எந்த மருந்துக்கும் அதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன், மருந்து மட்டும் அதைச் செய்திருக்காது.

உங்கள் அம்மாவின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குகிறவர்கள் அல்லர், அடிபடுகிறவர்களாக இருப்பதே அதிகம் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், முதல்முறை செல்லும் வீட்டுக்கும் நோய் முற்றியிருக்கும் வீட்டுக்கும் இருவராகத்தான் போவார்களா, பேருந்து இல்லாத ஊர்களுக்கு நிறுவனம் வண்டி தருமா என்று கேட்டு அந்த விடையையும் சொல்லுங்கள். சம்பளம் குறைவு என்பது உண்மை. ஒப்பந்தப் பணியில் நிதி வர மூன்று மாதம் தாமதமானால் சம்பளமும் அப்படியே தாமதமாகும். கிராமம் கிராமமாக அலைந்து நோயாளிகளைச் சிகிச்சையில் நிறுத்திவைக்கும் பணியாளர்களை இப்படி நடத்துவது அநீதி, அதை நான் எங்கும் சொல்வேன். வீட்டில் உங்கள் வருமானத்தை நம்பிக் கடன் இருக்குமானால் அதையும் எண்ணிப் பார்த்தே முடிவெடுங்கள்.

மற்றபடி, சேருங்கள் என்பதே என் விருப்பம். கையெழுத்திடுவதற்கு முன் நிறுவனத்திடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கோஆர்டினேட்டரின் பொறுப்பில் எத்தனை குடும்பங்கள், தற்கொலை எண்ணத்தைச் சொல்லும் ஒருவரை மாலை ஏழு மணிக்குச் சந்தித்தால் எந்த மருத்துவரை அழைக்கலாம், அவர் எடுப்பாரா, வாரத்தில் ஒருமுறையாவது மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து நோயாளிகளைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கப்படுமா என்பவை அவற்றில் முக்கியமானவை. இரண்டாவதற்குத் தெளிவான விடை இல்லையென்றால், அந்த ஏற்பாட்டை எழுத்தில் தரும்வரை சேர வேண்டாம். சேர்வதற்கு முன் கிடைக்கும் நாட்களில் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் படித்துவையுங்கள். கழுத்து இழுத்துக்கொள்வது, உட்கார முடியாமல் கால் பரபரப்பது, வாயில் எச்சில் வழிவது ஆகியவற்றை மக்கள் நோய் முற்றிவிட்டதாக நினைத்து மருந்தையே நிறுத்திவிடுவார்கள். மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின் மருந்தை எடுப்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனைத் தேதி தவறக் கூடாது, வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும் வாய்ப்பு அந்த மருந்தில் உண்டு. அந்தத் தேதிகளுக்குப் பதிவேட்டில் தனிப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.