ஜூலையில் எந்தக் கரைக்குப் போவது?

கேள்வி: வரும் ஜூலையில் எனக்கு 10 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. கணவர், 9 வயது மகன், மூட்டுவலியுள்ள மாமியார் ஆகியோருடன் வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்குச் செல்ல விரும்புகிறேன். படங்களில் எல்லாத் தீவுகளும் ஒரே மாதிரி இருக்கின்றன; எல்லா விடுதிகளும் 'ஆண்டு முழுவதும் வெயில்' என்கின்றன. எங்களுக்கு ஏற்ற தீவு எது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

விடுதிக்காரர்கள் சொல்வதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. வெப்பமண்டலத் தீவுகளில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. அங்கே பருவத்தை நிர்ணயிப்பவை காற்றும் மழையும்தான். அவையும் தீவு முழுவதையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஆகவே தீவின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் போகும் மாதத்தில் எந்தக் கரை அமைதியாக இருக்கும் என்பதை முதலில் விசாரியுங்கள்.

நடுவில் மலை நிற்கும் தீவுகளில் இது கண்கூடு. கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, அந்தப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கத்தில் வறண்டு இறங்குகிறது. ஹவாயின் பெரிய தீவில் கிழக்குக் கரையிலுள்ள ஹிலோ நகரம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழையைப் பெறுகிறது. அதே தீவின் வடமேற்குக் கரையில் சில இடங்கள் 300 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. நானே ஒருமுறை படத்தை நம்பி அறை எடுத்துவிட்டு, தென்னையோலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சீவிவிட்டதுபோல் நிற்பதையும், மதில்களில் பாசி தடித்துக் கிடப்பதையும் கண்ட பிறகுதான் தவறான பக்கத்தில் வந்து இறங்கியது புரிந்தது. நான்கு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், மலையைத் தாண்டியதும் சுள்ளென்று வெயில்!

இனி உங்கள் ஜூலைக்கு வருவோம். அப்போது தென்மேற்குப் பருவக்காற்று வீசுவதால் இலங்கையின் காலி, ஹிக்கடுவை போன்ற தென்மேற்குக் கரைகளில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கிழக்கே திருகோணமலை, பாசிக்குடா பக்கம் அமைதியாக இருக்கும். தாய்லாந்திலும் இதே கதைதான்: மேற்கேயுள்ள புக்கெட்டில் அலை பெரிது, வளைகுடாவிலுள்ள சமுய் தீவில் மழை குறைவு. பாலிக்கு அது வறண்ட பருவம். மொரீஷியஸில் குளிர்காலம், கிழக்குக் கரையில் காற்று பலமாக இருக்கும் என்பதால் மேற்குக் கரையே நல்லது.

மகன் உடன் வருவதால் கடலைப் பற்றி ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். பவளத்திட்டு அரணாக நிற்கும் கரையில் உட்பக்கத்து நீர் குளம்போல் அசையாமல் தெரியும். ஆனால் திட்டைத் தாண்டி அலைகள் உள்ளே கொட்டும் நீரெல்லாம் எங்காவது வெளியேறித்தானே ஆக வேண்டும்? திட்டிலுள்ள இடைவெளி வழியாகத்தான் அது திரும்புகிறது. கடல் வற்றும் நேரத்தில் அந்த இடத்தில் இழுப்பு மிகக் கடுமையாக இருக்கும். வெள்ளை நுரை வரிசை ஓரிடத்தில் மட்டும் அறுபட்டு, நீர் கருநீலமாகத் தெரிந்தால் அதுவே அந்த வாசல். மகனை அதன் அருகே விடாதீர்கள். பவளத்தின் மேல் ஏறி நிற்கவும் அனுமதிக்க வேண்டாம். அது உயிருள்ளது, காலைக் கிழித்தால் புண் ஆறவும் நாளாகும். கணவர் ஸ்கூபா டைவிங் செய்வதாக இருந்தால், கடைசி முழுக்குக்கும் விமானப் பயணத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரமாவது விட வேண்டும்.

மாமியாருக்காக, படகில் மட்டுமே போகக்கூடிய குட்டித் தீவுகளைத் தவிர்த்துவிடுங்கள். பல இடங்களில் துறைமேடை இருக்காது. முழங்காலளவு நீரில் குதித்து இறங்க வேண்டியிருக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாசிக்குடாவையே தேர்ந்தெடுப்பேன். அங்கே கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாமல் இருப்பதால் மகனும் விளையாடலாம், மாமியாரும் கால் நனைக்கலாம். முன்பதிவு செய்யும் முன், தரைத்தளத்தில் அறை கிடைக்குமா என்பதையும், அங்கிருந்து மணலுக்கு எத்தனை படிகள் இறங்க வேண்டும் என்பதையும் விடுதியில் கேட்டுவிடுங்கள்.