கையில் தோசையோடு அப்படியே நின்றுவிடுகிறாள்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. நான்கு மாதமாக, தோசையைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கை பாதியில் நின்றுவிடுகிறது. கண் ஒரே இடத்தில் நிலைகுத்துகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. பத்து விநாடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் சாப்பிடுகிறாள். ‘வகுப்பில் பிராக்குப் பார்க்கிறாள்’ என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். நானும் இரண்டு முறை அடித்துவிட்டேன். இப்போது குழந்தை மருத்துவர், இது வலிப்பாக இருக்கலாம், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுங்கள் என்கிறார். கீழே விழவில்லை, நுரை தள்ளவில்லை, இது எப்படி வலிப்பாகும்? வாழ்நாள் முழுக்க மாத்திரையா?

பதில்: அடித்ததை நினைத்து மருக வேண்டாம். இந்த வலிப்புக்காக என்னிடம் வரும் குழந்தைகளில் பலர், கவனமில்லை என்று திட்டு வாங்கிய பிறகே வருகிறார்கள்.

உங்கள் மருத்துவரின் சந்தேகம் நியாயமானது. வலிப்பு என்றதும் கை கால் வெட்டுவதுதான் நம் மனதில் வருகிறது. ஆனால் மூளையில் மின்னோட்டம் சில விநாடி தறிகெட்டுப் போவதெல்லாம் வலிப்புதான். அது வெறும் வெறித்த பார்வையாகவும் வரலாம். இந்த வகைக்கு ஆப்சென்ஸ் வலிப்பு என்று பெயர். பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். பெண் குழந்தைகளிடம் சற்று அதிகம். மூளையின் நடுவில் உள்ள தலாமஸும் மேற்புற மூளையும் ஒரே தாளத்தில் சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சில விநாடிகள் குழந்தைக்கு நினைவு இருக்காது. நாளைக்குப் பல முறை, சிலருக்கு நூறு முறைகூட வரும்.

பகல் கனவு காணும் பிள்ளையின் தோளைத் தொட்டால் திரும்பிவிடும். இந்தக் குழந்தை திரும்பாது. பகல் கனவு சலிப்பான நேரத்தில்தான் வரும். இதுவோ பேச்சின் நடுவில், விளையாட்டின் நடுவில், வாய்க்கும் தட்டுக்கும் இடையிலும் வரும். இமை படபடக்கலாம், உதடு சப்புக்கொட்டலாம். முடிந்ததும் மயக்கமோ குழப்பமோ இருக்காது. ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்து, பிறகு குழம்பிப்போய்த் தூங்கிவிட்டால் அது வேறு வகை வலிப்பாக இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு.

இதைக் கண்டுபிடிக்க எங்கள் அறையில் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. குழந்தையின் முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, இது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், ஊது என்போம். மூன்று நிமிடம். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் காகிதம் அசையாமல் நின்றுவிடும், குழந்தையும்தான். மருந்து தொடங்காத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படி வந்துவிடும். சோதிக்கிறேன் என்று வீட்டில் நீங்கள் ஊதச் சொல்லாதீர்கள். தானாக வரும்போது செல்போனில் வீடியோ எடுத்தால் போதும். இ.இ.ஜி.யிலும் இதேபோல் ஊதச் சொல்வார்கள். விநாடிக்கு மூன்று வீதம் கூர்முனை அலைகள் வரிசையாக ஓடினால் நோய் உறுதி. எல்லாம் இந்த வடிவத்தில் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படாது.

சரி, மருந்துக்கு வருவோம். இங்கேதான் கவனம் வேண்டும். வலிப்புக்கு மாத்திரை எதுவானாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. மற்ற வலிப்புகளுக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமசெபின், பெனிட்டாயின் இரண்டுமே இந்த வலிப்பை அதிகமாக்கிவிடக்கூடும். முதல் தேர்வு எத்தோசக்ஸிமைடு. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 453 குழந்தைகளிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்டார்கள். எத்தோசக்ஸிமைடும் வால்ப்ரோயேட்டும் ஏறக்குறைய சமமாகப் பலன் தந்தன, லாமோட்ரிஜின் பின்தங்கியது. வால்ப்ரோயேட் எடுத்தவர்களிடம் கவனக்குறைவு அதிகமாகத் தெரிந்தது. பின்னாளில் கருவுற்றால் குழந்தைக்குக் குறைபாடு வரும் ஆபத்தும் அதற்கு உண்டு. அதனால் பெண் குழந்தைக்கு அதைக் கொடுப்பதற்கு முன் நான் இரண்டு முறை யோசிப்பேன். எத்தோசக்ஸிமைடால் வயிற்று வலி, குமட்டல், சில நேரம் விக்கல் வரலாம். சாப்பாட்டோடு கொடுத்தால் குறையும். ஒரு தொல்லை, எல்லா மருந்துக்கடையிலும் அது கிடைப்பதில்லை. கையிருப்பு தீரும்முன்பே சொல்லி வையுங்கள். தீர்ந்துவிட்டது என்று திடீரென நிறுத்துவது ஆபத்து.

வாழ்நாள் முழுக்க இல்லை. இரண்டு ஆண்டு வலிப்பே இல்லாமல் இருந்தால், இ.இ.ஜி. பார்த்து மெல்லக் குறைப்போம். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பதின்வயதில் இதைவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் பின்னால் கை கால் வெட்டும் வலிப்பு வரலாம். அப்படி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவியும் கொடுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனை.

வலிப்பு கட்டுக்குள் வரும்வரை மொட்டைமாடி, கிணறு, நீச்சல், தெருவில் சைக்கிள் எதற்கும் தனியாக விடாதீர்கள். மற்றபடி ஓடட்டும், ஆடட்டும்.

டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவள் விட்ட வரியை ஒரு முறை திருப்பிச் சொன்னாலே போதும். அப்புறம், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டிக்டேஷன் நோட்டையும் கொண்டுபோங்கள். நடுநடுவே இரண்டு மூன்று சொல் விட்டுப்போய், பேனாக் கோடு வரியைவிட்டு இறங்கியிருந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள்.