கையில் இருப்பது அம்மாவின் கையெழுத்து

கேள்வி: எனக்கு வயது 26. பிறந்த வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர். எட்டு மாதங்களுக்கு முன்பு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாழ்க்கைப்பட்டேன். அம்மா இறந்த பிறகு, அவருடைய வங்கி பாஸ்புக்கில் இருந்த ‘சரோஜா’ என்ற கையெழுத்தை அப்படியே இடது முன்கையில் டாட்டூவாகப் போட்டுக்கொண்டேன். பெண் பார்க்க வந்த அன்று, அத்தை சொன்னதற்காக முழுக்கை ரவிக்கை அணிந்திருந்தேன். திருமணமான மறுநாளே கணவர் பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதங்களாக மாமியார் அது ‘ராஜா’ என்று ஓர் ஆணின் பெயர் என்கிறார். மறைத்துக் கட்டி வைத்ததற்கு இன்னும் பத்துப் பவுன் போட வேண்டும் என்றும் ஒருமுறை பேச்சு வந்தது. லேசர் வைத்து அழிக்காவிட்டால் திருமணமே செல்லாது என்று வழக்குப் போடப்போவதாக இப்போது கணவரும் சொல்கிறார். அழித்துவிடட்டுமா?

பதில்: சகோதரி, உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் அழிக்காதீர்கள். லேசர் ஒரே நாளில் முடிகிற வேலையும் அல்ல. பல அமர்வுகள் தேவைப்படும், வலிக்கும், தழும்பும் வரலாம். அதற்கு ஒப்புதல் தர வேண்டியவர் நீங்கள் மட்டுமே. மருத்துவ சிகிச்சைக்கான ஒப்புதல் பற்றிய சமிரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக, அவசர நிலை இல்லாதபோது, பெற்ற தாய் தந்த ஒப்புதல்கூடச் செல்லாது என்றது. கணவரின் கையெழுத்து எப்படிச் செல்லும்?

திருமணம் செல்லாது என்ற மிரட்டலுக்கு வருவோம். இந்து திருமணச் சட்டம், 1955-இன் 12-ஆவது பிரிவின்படி, முக்கியமான ஓர் உண்மையை மறைத்து வஞ்சகமாகச் சம்மதம் பெற்றிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். முன்கையில் இருக்கும் தாயின் பெயர் அப்படிப்பட்ட உண்மை என்று வாதிடுவது மிகவும் கடினம். அதைவிட வலுவான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: மறுநாளே கணவர் பார்த்துவிட்டார். விஷயம் தெரிந்த பிறகும் முழுச் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்ந்தவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. விவாகரத்து மனுவும் திருமணமாகி ஓராண்டு ஆகும்வரை, நீதிமன்றத்தின் தனி அனுமதி இல்லாமல் போட முடியாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியில்தான் என் கண் நின்றது. பத்துப் பவுன். வரதட்சணைத் தடைச் சட்டம், 1961 திருமணத்துக்கு முன்பு கேட்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு கேட்பதும் வரதட்சணையே. கேட்டாலே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. டாட்டூவைக் காரணம் காட்டிக் கேட்டதால் அதன் பெயர் மாறிவிடாது. யார், எந்தத் தேதியில், யார் முன்னிலையில் கேட்டார்கள் என்பதை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பேச்சு எதையும் அழிக்க வேண்டாம், அந்த போனையும் மாற்ற வேண்டாம்.

‘ராஜா’ என்ற பேச்சும் சாதாரணமானது அல்ல. ஆதாரமில்லாமல் மனைவியின் ஒழுக்கத்தைப் பழிப்பது மனரீதியான கொடுமை என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம், 2005-உம் இழிவுபடுத்தும் பேச்சை வன்முறையாகவே கருதுகிறது. அதன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு ஆணை கேளுங்கள். கணவர் வீட்டை விட்டு வெளியேற்றவும் முடியாது, அங்கே குடியிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால் கடலூரிலேயே மனு போடலாம். காவல் நிலையம் போகும் வழி திறந்தேதான் இருக்கிறது. ஆனால் கணவர் ஆறு மாதம் உங்களோடு நன்றாக இருந்தவர் என்பதால், முதல் படியாக நான் மாஜிஸ்திரேட்டிடம் போவதையே சொல்வேன். அடி விழுந்தாலோ வலுக்கட்டாயமாக லேசருக்கு அழைத்துப் போனாலோ காத்திருக்காமல் 181-ஐ அழையுங்கள்.

கணவர் புதுச்சேரியில் வழக்குப் போட்டால் அலைய வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். புதுச்சேரி வேறு நிர்வாகம் என்றாலும் இரண்டு ஊர் நீதிமன்றங்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகின்றன. வழக்கைக் கடலூருக்கு மாற்றித் தரும்படி அந்த உயர் நீதிமன்றத்திலேயே கேட்கலாம், டெல்லியில் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை.

என் அம்மாச்சியின் இரண்டு முன்கைகளிலும் பச்சை இருந்தது: புள்ளி வைத்த கோலம், அதன் கீழே அவருடைய அண்ணன் பெயர். தாலியும் தோடும் கழற்றி வைத்துவிடுவார்கள், போகும்போது கூட வருவது இது மட்டும்தான் என்பார். அவரை யாரும் யார் பெயர் என்று விசாரித்ததில்லை. அடுத்த தலைமுறை அதையே பட்டிக்காட்டு வழக்கம் என்று புடவைத் தலைப்பால் மூடியது. இன்று மத்திய ஆயுதக் காவல் படைகளே இடது முன்கையின் உட்புறம் சிறிய அளவில் ஒரு பெயர் இருப்பதை ஏற்கின்றன. பாட்டிக்கு அழகாக இருந்தது, பேத்திக்கு எப்படிக் களங்கமாகும்? உங்கள் மாமியாரைப் பெற்றவரின் கையிலும் பச்சை இருந்திருக்கக்கூடும். அமைதியான ஒரு வேளையில் கணவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கடலூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், அல்லது 15100-இல் பேசுங்கள். போகும்போது திருமணப் பத்திரிகை, அந்த நோட்டு, அம்மாவின் பாஸ்புக் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பாஸ்புக்கின் நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். நீதிபதி கேட்கும் நாளில் கையையும் அந்தப் பக்கத்தையும் அருகருகே காட்ட வேண்டியிருக்கும்.