பிள்ளை கிருமி படிக்கப் போறாளாம், விடலாமா?

அம்மா, உங்கள் கடிதம் பார்த்தேன். இரண்டு தரம் உயர்தரம் எழுதியும் மருத்துவபீட வெட்டுப்புள்ளி எட்டவில்லை, மூன்றாந்தரம் எழுது என்றால் மருந்துக்கும் சாகாமல் தூங்குகிற பற்றீரியாவைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள், இதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்கிறீர்கள்.

வீட்டுக்காரர் வெங்காயம் செய்கிறவர்தானே, அவரிடம் கோரையைப் பற்றிக் கேளுங்கள். மேலே மருந்தடித்தால் புல் கருகும், மண்ணுக்குள் கிழங்கு பேசாமல் கிடந்து தண்ணீர் பாய்ந்ததும் முளைக்கும். கிருமியிலும் இதே கதைதான். 1944இல் ஜோசப் பிக்கர் என்ற பற்றீரியா ஆய்வாளர் பெனிசிலினுக்குத் தப்பிய சில கிருமிகளைக் கவனித்தார். அவை பெருகிய பிறகு அதே பெனிசிலினைப் போட்டால் பழையபடி செத்தன. ஆக அது மருந்தை எதிர்க்கப் பழகிய கிருமி இல்லை, வேலையை நிறுத்திவிட்டுப் படுத்த கிருமி. பெனிசிலின் குழப்புவது கிருமி தன்னைச் சுற்றிக் கட்டுகிற சுவரை, கட்டாமல் படுத்திருப்பதை அது என்ன செய்யும்?

இதற்கு வழி தேடுவதுதான் அவள் சொல்கிற படிப்பு. 2011இல் ஒரு குழு மனிற்றோல் என்ற சீனிவகையைக் கொடுத்துப் பார்த்தது. கிருமிக்குள் சக்தி ஏற, கூடவே ஜென்டாமைசின் என்ற கிருமிகொல்லி மருந்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு செத்தது. இன்னொரு வழி, தூக்கத்திலேயே அதன் சொந்த நொதியத்தை ஏவி அதன் புரதங்களையே தின்னவைப்பது. இவை ஆய்வுகூடக் கதை என்றால் காசநோயைப் பாருங்கள், ஆறு மாதம் மருந்து குடிப்பதற்கு இந்தத் தூங்குமூஞ்சிகள் ஒரு பெரிய காரணம், அவற்றுக்காகவே முதல் இரண்டு மாதம் பைரசினமைட் என்ற மருந்தையும் சேர்க்கிறார்கள்.

சரி, வேலை. என்னைக் கேட்டால் யாழ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தை முதல் தெரிவாகப் போடச் சொல்வேன், ஏனென்றால் ஆராய்ச்சி சரிவராவிட்டாலும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் இருக்கிறது. அடுத்ததாக விஞ்ஞானபீடத்தின் உயிரியல், ஆனால் அதோடு நிற்கக்கூடாது, பட்டமேற்படிப்பு வேண்டும், அது நீளமான பாதை, காசும் பொறுமையும் கேட்கும். எதை எடுத்தாலும் புள்ளிவிபரவியலை ஒளிக்காமல் படிக்கவேண்டும். கோடிக்கணக்கில் செத்து ஒன்றிரண்டு தப்புவதை எண்ணுகிற வேலை இது. கிருமி தொற்றிவிடும் என்ற பயம் வேண்டாம், மாணவர்களுக்குக் காசநோய்க் கிருமியைத் தூக்கிக் கொடுக்கமாட்டார்கள்.

விண்ணப்பத்தில் பாடநெறி ஒழுங்கை நிரப்புமுன் ஒருக்கால் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரியூசன் மாஸ்டர் வேண்டாம், அவர் மூன்றாந்தரம் என்றுதான் சொல்வார்.